அருள்பூ விழுந்த ஊர்

ஆனி பிறந்த மறுநாள் மலையிறங்கி வந்த சாரல் ஆடி கடைசிவரைக்கும் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டேயிருந்த ஒரு வருஷத்தில், சாரல்பேட்டை ஜனங்களின் உடம்பில் பூ விழ ஆரம்பித்தது. முதல் பூ ரைஸ்மில் சிதம்பரநாதனுக்கு விழுந்தது. பேரனின் பிறந்தநாளுக்கு மாலைச்சுடர் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அவர் பார்த்தார். இடது மணிக்கட்டின் மேல்புறத்தில் வரிசையாக நாலு இதழ், அடிப்புறத்தில் தடிப்பாக ஒரு இதழ், எல்லாம் நாவல்பழத்தைக் கடித்துத் துப்பிய நிறம். வலி இல்லை, அரிப்பு இல்லை, எண்ணெயைத் தேய்த்தாலும் சோப்பைப் போட்டாலும் போகவுமில்லை. அன்றைக்குச் சாயங்காலமே, ஒரு வருஷமாகப் பிடிகொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த கடைசி மகளின் மாப்பிள்ளை வீட்டார் போன் பண்ணி, ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அது என்ன தழும்பு என்று அவர் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை.

சாரல்பேட்டையில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மாலைச்சுடரில் ஒரு நேரச் சாப்பாடு போடுவது வழக்கம். பிறந்தநாள், தகப்பனார் திதி, மகள் பிளஸ் டூ பாஸானது, புது டிராக்டர் வந்தது, எதுவானாலும் போய் நாள் எழுதிவைப்பார்கள். கேட்டுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் தேதியும் பெயரும் ஏறும். ஞாயிற்றுக்கிழமைக்கு அடிதடியே நடக்கும். அன்றைக்குப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, தேய்த்த துணி உடுத்தி, ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்த்தியிருப்பார்கள். அவர்கள் முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்குக் கை தட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் குடும்பம் மொத்தமும் அவர்கள் காலில் விழுந்து, தலையில் கை வைக்கச் சொல்லி, போட்டோ எடுத்து, அதற்கப்புறம்தான் இலை போடுவது. ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனசாரத்தான் விழுந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டுதான் விழுந்தார்கள். காலில் விழுந்து கண்ணையும் மூடிக்கொண்டவனுக்கு எதிரில் இருப்பவரின் முகம் எங்கே தெரியப்போகிறது.

சிதம்பரநாதனுக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரருக்கு விழுந்தது, போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்துக்கு விழுந்தது, பிரியாணிக்கடை காதர் மைதீனுக்கும் சர்ச் தெரு கோயில்பிள்ளைக்கும் ஒரே நாளில் விழுந்தது, ஆடி முதல் வெள்ளிக்குள் முந்நூறு பேர் உடம்பில் பூத்துவிட்டது. யார் வைத்த பெயரோ, அருள்பூ என்று வழங்கலாயிற்று. முழுக்கைச் சட்டைத் துணி ஜவுளிக்கடையில் அடுக்கிய அடுக்குக் கலையாமல் கிடந்தது. தையல்காரர்கள் ரவிக்கைக் கையை நாலு விரற்கடை குறைத்துத் தைத்தார்கள். வரன் பார்க்கிறவர்கள் நட்சத்திரம் கேட்ட கையோடு பூ எத்தனை என்றும் கேட்டார்கள். தோளில் விழுந்தவர்களுக்கு மணிக்கட்டில் விழுந்தவர்களைப் பார்த்துப் பொறாமை. “சட்டையப் போட்டா மறைஞ்சிருதேவே, இதை வச்சு நான் என்ன செய்ய?” என்று டீக்கடையில் ஒருவர் அங்கலாய்க்க, “அடுத்த மாசம் திதி வருதுல்லா, கொஞ்சம் தலையச் சாய்ச்சு விழும்” என்று இன்னொருவர் யோசனை சொன்னார். அம்மன் கோயில் பூசாரியிடம் போய் இது எந்தச் சாமியின் அருள் என்று கேட்டதற்கு, அவர் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

தேரடித் தெருவில் வளையல்கடை வைத்திருக்கும் ஆவுடைக்கு மட்டும் ஒரு பூவும் விழவில்லை. இத்தனைக்கும் அந்த இல்லத்தில் அவளுக்குச் சொந்த அத்தையே இருந்தாள். செண்பகவடிவு அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், ஆவுடைக்கு நாலு வயசில் தாய் செத்தபோது தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள், பள்ளிக்கூடச் சத்துணவில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள். போன மாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போனது. ஆவுடையும் புருஷன் இல்லாதவள்; காலையில் கடை திறந்தால் விளக்கு வைத்துத்தான் மூடுவாள்; பகலெல்லாம் அத்தை நனைந்த துணியோடு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் பங்குனியில் கொண்டுபோய் மாலைச்சுடரில் விட்டாள். இரண்டாம் ஞாயிறு மூன்று மணியிலிருந்து நாலு மணிவரைக்கும் பார்க்கலாம் என்பது அங்கே சட்டம், ஒரு தடவையும் தவறாமல் போய்வந்தாள்.

போகும்போதெல்லாம் அத்தை கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். ஆவுடை குனிந்தால் காலை இழுத்துக்கொள்வாள். “உனக்கு எதுக்குட்டி ஆசீர்வாதம், நீ நல்லாத்தான இருக்க” என்பாள். ஊர்பேர் தெரியாதவன் தலையிலெல்லாம் கை வைக்கிறவள் தன் தலையில் வைக்கமாட்டேன் என்கிறாளே என்று ஆவுடைக்கு நெஞ்சு கரிக்கும். இங்கே கொண்டுவந்து தள்ளிய கோபம் போலிருக்கிறது, சாகிறவரைக்கும் தீராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கொண்டுபோன ரஸ்தாளிப் பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, நாலு மணிக்கு எழுந்து வருவாள்.

ஆவுடைக்கு முகங்கள் மறந்துபோகும், மணிக்கட்டு மறக்காது. வளையல் அளவில் இரண்டரைக்காரி யார், இரண்டே முக்கால்காரி யார் என்று தெருவில் போகிற பெண்ணைப் பின்னாலிருந்து பார்த்தே சொல்லிவிடுவாள். வளையல் போடுவதற்கு ஒரு பிடி உண்டு. கட்டைவிரல் முட்டியை உள்ளே மடக்கி, நாலு விரலையும் ஒன்றாகக் குவித்து, எலும்பெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று படிந்துகொள்ளும்படி அமுக்கினால் எப்பேர்ப்பட்ட கையும் மொட்டாகச் சிறுத்துவிடும். பிடி தெரியாதவள் போட்டால் தோல் கன்றி ரத்தம் கட்டிப்போகும். தொழில் பழகிய காலத்தில் அவளும் நாலைந்து பேருக்கு ரத்தம் கட்டவைத்து ஏச்சு வாங்கியிருக்கிறாள். எந்த விரல் எங்கே அழுத்தினால் எத்தனாவது நாளில் என்ன நிறம் வரும் என்பது அவளுக்கு அப்படித்தான் பாடமாயிற்று.

மருந்துக்கடைக்காரரின் மகள் முத்துச்செல்விக்கு வளைகாப்பு வந்தது. அந்தப் பெண்ணின் இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிலும் பூ, காப்புப் போட்ட மாதிரி முழு வட்டமாக இருந்தது. அருள்பூ மறைந்துவிடக் கூடாது, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற வளையலாகக் கொண்டுவா என்று தாய்க்காரி ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள். ஏழுமாசப் பிள்ளைத்தாய்ச்சியை மணையில் உட்காரவைத்து, பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருக்க, ஆவுடை அவள் கையை எடுத்து மடியில் வைத்து முதல் வளையலை ஏற்றினாள். வளையல் பூவைத் தாண்டுகிற நேரத்தில் வாசல் வெளிச்சம் அதில் நேராக விழுந்தது. வட்டம் முழுக்க ஊடும் பாவுமாகச் சின்னச்சின்ன வரி ஓடியது. துணியின் நெசவு அது. கிழிந்த ஈரிழைத்துண்டின் நெசவு. உள்பக்கம் முடிச்சு விழுந்த இடம் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கறுத்திருந்தது.

துண்டால் கட்டிப்போட்ட கை அது என்று ஆவுடைக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிலும் நின்ற பெண்களை நிமிர்ந்து பார்த்தாள். சந்தனம் கொண்டுவந்தவளின் மேற்கையில் இருந்தது பூவல்ல, இரண்டு விரலால் திருகிக் கிள்ளிய கிள்ளு. பன்னீர்ச் செம்பு ஏந்தியவளின் முழங்கைக்குக் கீழே ஓடிய நீளப் பூ, இரும்புக் கட்டிலின் விளிம்பில் மோதிய தடம். தாம்பாளம் பிடித்திருந்த பெரியவளின் கழுத்தை ஒட்டிய தோளில் இருந்தது, உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து அமுக்கிப்பிடித்த ஐந்து விரல். நூறு பெண்கள் பட்டும் நகையுமாகச் சிரித்துக்கொண்டு, யார் யாரோ வாங்கிய அடியை உடம்பெல்லாம் அணிந்துகொண்டு, குலவையிட்டுக்கொண்டு நின்றார்கள். கோயில் கருவறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப் போல ஆவுடை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தக் கூட்டத்தின் நடுவில் அவளுக்கு அத்தையின் சேலைத்தலைப்பு ஞாபகம் வந்தது. அதற்குள் சுருட்டி வைத்த கையும் ஞாபகம் வந்தது.

வளைகாப்புக்கு மறுநாள் மாலைச்சுடரில் அந்த வீட்டுச் சாப்பாடு. இரண்டாம் ஞாயிறாக இல்லாவிட்டாலும் சாப்பாடு போடுகிறவர்களோடு போனால் கேட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள் என்பதால் ஆவுடையும் கூடவே போனாள். இல்லத்துப் பொறுப்பாளர் குணசீலன் வாசலில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். வலது மோதிரவிரலில் சதுரமாக நவரத்தின மோதிரம். ஆவுடைக்கு இந்தத் தடவை அதைத்தான் பார்க்க முடிந்தது. பாட்டு முடிந்து எல்லோரும் காலில் விழும் நேரத்தில் அவள் மூன்றாவது வரிசைக் கடைசிக்குப் போய் அத்தைக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“வேண்டாம்ட்டி,” என்றாள் அத்தை உதடு அசையாமல். “போயிரு. உனக்கு வேண்டாம்.”

“குடுங்க அத்தை. ஊருக்கே குடுத்தீங்கள்லா.”

சேலைக்குள் கைவிட்டு அந்தக் கையை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

ஊருக்குக் கொடுத்தது போக அத்தை சேர்த்துவைத்திருந்ததெல்லாம் வந்தது. சாரல் மண்ணில் விழுகிற மாதிரி, முதலில் ஒன்று, தள்ளி ஒன்று, அப்புறம் எது எது என்று பிரிக்க முடியாமல், முழங்கையிலிருந்து விரல்வரைக்கும் ஆவுடையின் இரண்டு கைகளும் நீலமாயின. வலிக்கவில்லை. வலிக்காததுதான் தாங்க முடியவில்லை. இத்தனையையும் அத்தை வலியோடு வாங்கியிருப்பாளே. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சதுர மோதிரம் அழுந்திய விரல் எட்டு இடத்தில் இருந்தது. கட்டிய தடம் இரண்டு. பழுத்து மஞ்சளாகிப்போனவற்றுக்கும் அடியில், எல்லாவற்றுக்கும் முந்தியதாக, வலது கையைச் சுற்றி இன்னொன்று இருந்தது. கட்டைவிரல் முட்டியில் ஒரு அமுக்கு, நாலு விரலையும் ஒன்றாகக் குவித்த அமுக்கு, கையை மொட்டாகச் சிறுக்கவைக்கிற பிடி.

அந்தப் பிடி சாரல்பேட்டையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். பங்குனி மாசத்து வெள்ளிக்கிழமை, ஆட்டோவிலிருந்து இறக்கியபோது அத்தை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். குணசீலன் பார்த்துக்கொண்டு நின்றார், ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். ஆவுடைக்கு அவமானமாகவும் அவசரமாகவும் இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பழகிய கை பழகிய வேலையைச் செய்தது. வளையலை ஏற்றுகிற பிடியால் அத்தையின் கையைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டாள். கழிவறைச் சுவரில் சாய்ந்து, தன் இடது கை விரல்களை அந்தத் தடத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

நேராகப் போய் இறங்கியது ரைஸ்மில்லில். சிதம்பரநாதன் நல்ல மனுஷன்தான், ஆனால் சொன்னதைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. “ஏம்மா, ஊரே கும்பிடுத விஷயம். நல்லத இப்படிக் கெட்டதாப் பேசுதியே, உனக்கு விழலங்கிற பொறாமையா?” என்றார்.

“விழுந்துட்டு அண்ணாச்சி,” என்று ஆவுடை இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். “நாற்காலியில உக்காருங்க. கோவிச்சுக்கிடாதீய, உங்க கையைப் பிடிக்கப் போறேன்” என்றாள். எதிரில் நின்று, அவர் இடது மணிக்கட்டை ஒரு ஆம்பளை பிடிக்கிற மாதிரி மேலிருந்து பற்றினாள். நாலு இதழ் இருந்த இடத்தில் நாலு விரல் போய்ப் படிந்தது, அடிப்புறத்து இதழில் கட்டைவிரல் படிந்தது. “எந்திரின்னு ஒருத்தன் இப்படி இழுத்திருக்கான். எங்க அத்தை இடுப்பெலும்பு விட்டவ, எந்திரிக்க மாட்டா. பொறவும் இழுத்திருக்கான். பாத்தியளா, இங்கன தோல் வழுக்கி நீண்டுருக்குல்லா?”

சிதம்பரநாதன் கையை உருவிக்கொள்ளவில்லை. “அன்னைக்கு நான் போட்டோவுக்கு நேரமாச்சுன்னு சத்தம் போட்டேன்மா,” என்றார். “எல்லாரையும் சீக்கிரம் கொண்டுவாங்கன்னு நான்தான் சொன்னேன்.” அந்த வயசில் அவர் அழுவார் என்று ஆவுடை எதிர்பார்க்கவில்லை, அவருடைய கணக்குப்பிள்ளையும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கே முதியோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணி, மனுவும் எழுதி முதல் கையெழுத்தை அவர் போட்டார். ரைஸ்மில்காரரே போட்டபிறகு ஊர் யோசித்தது, கண்ணாடி முன்னால் நின்று தன் தன் பூவின் மேல் விரலை வைத்துப் பார்த்தது, வைத்துப் பார்த்தவர்கள் அப்புறம் தெருவில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சமூகநலத்துறையிலிருந்து எஸ்தர் ராணி என்கிற அதிகாரி ஒரு பெண் டாக்டரோடும் இரண்டு பெண் போலீஸோடும் வந்தார். சிரிப்பைச் செலவழிக்காத அம்மாள், ஆனால் முறையோடு செய்தார். குணசீலனையும் வேலையாட்களையும் ஆபீஸ் அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, முப்பத்தெட்டுப் பெரியவர்களையும் ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் டாக்டர் பார்க்க ஏற்பாடு செய்து, தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். டாக்டர் வெளியே வந்து கையை விரித்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு கன்றல் இல்லை, முப்பத்தெட்டு உடம்பும் பிறந்த பிள்ளை உடம்பு மாதிரி இருக்கிறது என்றார். எல்லாவற்றையும் ஊர்தான் கும்பிட்டுக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டதே. கேட்ட கேள்விக்கெல்லாம் பெரியவர்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள். குறை ஒன்றுமில்லை, நன்றாக வைத்திருக்கிறார்கள், வேளைக்குச் சோறு கிடைக்கிறது.

வெளியே முற்றத்தில் சாரலில் நனைந்துகொண்டு முந்நூறு பேர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நின்றார்கள். எஸ்தர் ராணி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவருக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது என்பது அவர் நடை மெதுவானதில் தெரிந்தது. “உங்க உடம்புல இருக்கிறத வச்சு நான் இவங்களுக்காக வழக்குப் போட முடியாதுங்க,” என்றார். “உள்ள இருக்கிறவங்க ஒருத்தராவது வாயத் திறக்கணும். இல்லன்னா நான் ஃபைல மூடிட்டுப் போகவேண்டியதுதான்.”

ஆபீஸ் ஜன்னலிலிருந்து குணசீலன் ஒரு தாளை நீட்டினார். “மேடம், இதையெல்லாம் கிளப்பிவிட்ட இந்தம்மா யாருன்னு கேளுங்க. செண்பகவடிவோட சேர்க்கைப் படிவத்தப் பாருங்க. உறவினர் யாரும் இல்லன்னு போட்டிருக்கு. கொண்டுவந்து விட்டவங்க, தெரிஞ்சவங்க. அவ்வளவுதான். சம்பந்தமே இல்லாதவங்க வந்து நல்லா நடக்கிற இடத்துக்குக் கெட்ட பேரு உண்டாக்குதாங்க.”

எஸ்தர் ராணி தாளைப் படித்துவிட்டு, ஹால் வாசற்படியில் நின்ற ஆவுடையைப் பார்த்தார். ஹாலுக்குள்ளிருந்து முப்பத்தெட்டுப் பேரும் பார்த்தார்கள். அத்தை மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைகளுக்கு நடுவில் நின்றபோதுதான் இவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஆவுடைக்குப் புரிந்தது. சொல்லு சொல்லு என்று கேட்கிறவர்கள் எல்லோரும் கொண்டுவந்து விட்டவர்கள், இல்லாவிட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள். சொல்லிவிட்டு இவர்கள் யார் வீட்டுக்குப் போவார்கள்? இன்றைக்கு ஜீப் போனபிறகு ராத்திரி யாரோடு இருப்பார்கள்?

“அதை எழுதுனது நான்தான் மேடம்,” என்றாள் ஆவுடை. “ஆதரவு இல்லாதவங்கள மட்டும்தான் எடுப்போம்னாவ. அதனால யாரும் இல்லன்னு எழுதுனேன். நான் இவங்க அண்ணன் மக. என்னை வளத்தவங்க.” வலது கையை நீட்டினாள். “இந்தத் தடத்தையெல்லாம் யாரு வச்சான்னு கேக்கியள்லா? இதுல ஒண்ணு நான் வச்சது. இந்தா, அடியில இருக்குல்லா, வளையல்காரி பிடி. இவங்க வரமாட்டேன்னு கம்பியப் பிடிச்சிக்கிட்டு இருந்தாவ, நான் கழட்டிவிட்டேன். மத்தவன எழுதுததுக்கு முன்னால முதல்ல என்னை எழுதுங்க.”

எஸ்தர் ராணி பேனாவைத் திறந்தார், எழுதவில்லை.

“அவ ஒரு தடவைதான் இழுத்தா,” என்று ஒரு குரல் கேட்டது. சத்துணவுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்ன குரல், அஞ்சு மாசமாக யாரும் கேட்காத குரல். செண்பகவடிவு அத்தை தலையை நிமிர்த்திவிட்டாள். “ஒரு தடவை. மத்தத நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்கம்மா. சாப்பாடு போட வாற அன்னைக்கு வெடியக்காலம் அஞ்சு மணிக்குப் பச்சத்தண்ணிய மேல ஊத்துவாவ. முந்தின நாள் ராத்திரி சோறு கெடையாது, நாளைக்கு வடை பாயசம் வருதுல்லாம்பாவ. பாட்டுச் சத்தம் பத்தலன்னா கிள்ளு. எந்திரிக்கலன்னா இழுப்பு. ராத்திரி ஒண்ணுக்குக் கேட்டா கட்டிலோட துண்டக் கட்டிருவாவ. கட்டுனது அந்த மோதிரம் போட்ட மனுஷந்தான். ரைஸ்மில்காரவிய வந்த அன்னைக்கு முதல்ல…”

அத்தை சொல்லச் சொல்ல எஸ்தர் ராணி எழுதினார். நீல மையில் எழுதிய எழுத்து காய்ந்ததும் நாவல்பழ நிறமாயிற்று. முற்றத்தில் நின்ற சிதம்பரநாதன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். நாலு இதழும் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ ஊதினாற்போல அவிந்தன. ஐந்தாவதும் அவிந்தது. அதிகாரி அம்மாள் எழுத்தின் நிறத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், அடுத்த தாளை எடுத்தார்.

அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பழைய பஸ் டிரைவர், பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போனவர், கையைத் தூக்கினார். அவர் குழறினதை அத்தை திருப்பிச் சொல்ல, அதுவும் எழுத்தாயிற்று. முற்றத்தில் நின்ற முத்துச்செல்வியின் இரண்டு கையிலிருந்த துண்டுக்கட்டும் இளகி மறைந்து, வெறும் வளையல் மட்டும் மின்னியது. அதற்கப்புறம் வரிசையில் ஒருவர் விடாமல் சொன்னார்கள். சிலர் சத்தமாகச் சொன்னார்கள், சிலர் அழுதுகொண்டு சொன்னார்கள், ஒரு கிழவி சிரித்துக்கொண்டே சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முந்நூறு பேரில் ஒருவரும் நகரவில்லை. ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் முற்றத்தில் எங்கேயோ ஓர் உடம்பு வெளுத்தது, அது யாருடையது என்று அந்த ஆளுக்கு மட்டும் தெரிந்தது, தெரிந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இந்தத் தடவை யாரும் கண்ணை மூடவில்லை. எழுதிய தாள்கள் மேஜையில் நாலு விரற்கடை உயரத்துக்கு நாவல்பழ நிறத்தில் அடுக்கியிருந்தன. பெண் போலீஸ் இருவரும் குணசீலனை ஜீப்புக்கு நடத்திக்கொண்டு போனபோது அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்று ராத்திரிக்கு டாக்டரும் ஒரு போலீஸும் இங்கேயே இருப்பார்கள், நாளையிலிருந்து பொறுப்பை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் வரவழைத்துப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு எஸ்தர் ராணி தாள்களைக் கட்டப்போனார்.

“ஒண்ணு பாக்கியிருக்கு,” என்றாள் அத்தை.

ஆவுடையின் கைகள் வெளுத்துப்போயிருந்தன, வலது கையில் அந்த ஒரு பிடியைத் தவிர.

“அத நீங்க எழுதலயே.”

“அது உங்க மருமக தானே ஒத்துக்கிட்டாங்க,” என்றார் எஸ்தர் ராணி மெதுவாக. “புகாராச் சேர்க்கணுமா?”

அத்தை ஆவுடையின் வலது கையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஆவுடையின் ஒரு மனசு கெஞ்சியது, அப்படி நினைத்ததற்கு இன்னொரு மனசு அவளைக் காறித்துப்பியது.

“சேருங்க. நடந்ததுதான,” என்றாள் அத்தை. “பங்குனி ரெண்டாவது வெள்ளி. மெரூன் சேலை கட்டியிருந்தா. கம்பியப் பிடிச்சிருந்தேன், கழட்டிவிட்டா. கை வலிக்கல. திரும்பிப் பாக்காமப் போனா, எழுதிக்கிடுங்க, அதுதான் வலிச்சுது. கேட்டு சாத்துற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன், அவ திரும்பல.”

பேனா ஓடுகிற சத்தம் நின்றது. ஆவுடை வலது கையைக் குனிந்து பார்க்கவில்லை, அது வெறுங்கையாகிவிட்டதை உணர்ந்தாள். அழுகை வந்தது. அடக்காமல் அத்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதாள், அத்தை அவளைத் தேற்றவுமில்லை, தடுக்கவுமில்லை, அழுது முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரிக்கணும்ட்டி,” என்றாள் பிறகு. “இங்க ராத்திரி இருக்கமாட்டேன். கையக் குடு.”

ஆவுடை எழுந்து கையை நீட்டினாள். எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் ஊர்க்கை முழுவதையும் பிடித்தவளுக்கு அத்தையின் கையைப் பிடிக்கத் தைரியம் வரவில்லை. உள்ளங்கையை விரித்து வெறுமனே நீட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தைதான் பிடித்தாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.